போல

ஆல்டர்கில் நகரசபைக் கூடத்தில்
ஹீட்டர் பாதி மூச்சில் ஓடுகிறது.
கோட்டைக் கழற்றாமல் அறுபது பேர்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
முட்டை அவிக்கிற கடிகாரம் ஒன்று
தலைவியின் மேசையில் டிக் டிக்கென்று.

குறிப்பெழுதும் டெல்ஃபின் வான் நெஸ்
அதே வரியை நான்காம் முறை அடிக்கிறாள்:
உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றும் எப்பொருளையும்
ஊர் எல்லைக்குள் விற்கவோ வைத்திருக்கவோ
வெளியில் எடுத்துச் செல்லவோ கூடாது.

எல்வுட் ஸ்டிக்னி எழுந்தார், பொம்மைக்கடைக்காரர்.
"ஆரஞ்சு மூக்கு வைத்துத்தான் விற்கிறேன்.
வீட்டுக்குப் போய்க் கறுப்பு மை பூசினால்
நான் என்ன செய்ய?
என் கடைசிப் பையன் போன வாரம்
ரொட்டியைக் கடித்துக் கடித்து ஒரு ரிவால்வர் செய்தான்.
வெண்ணெய் தடவியது.
அதையும் பறிமுதல் செய்வீர்களா?"
சிரித்தோம்.
டெல்ஃபின் அடைப்புக்குறிக்குள் போட்டாள்: சிரிப்பு.

பள்ளி நாடக ஆசிரியை கேட்டாள்,
இரண்டாம் அங்கத்தில் ஒருவன் சாக வேண்டும், எதை வைத்துச் சுட?
வேட்டைச் சங்கத்துக்காரர்
"இன்று பொம்மை, நாளை" என்று ஆரம்பித்து
கடிகாரம் அடித்த பிறகும்
நாளையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சார்ஜன்ட் பரான்ஸ்கி
இரண்டு அட்டைப்பெட்டிகளைத் திறந்தார்.
ஒன்று நிஜம், ஒன்று பிளாஸ்டிக்.
"எது எது? ஒரு நொடி தருகிறேன்.
எனக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான்."
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
திருப்பிப் பெட்டியில் வைக்கும்போது
அவருமே ஒருமுறை தூக்கிப் பார்த்துத்தான் வைத்தார்.
கைக்குத் தெரிகிறது எடை.
கண்ணுக்கு எடை ஏது.

போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப...
உவமை உருபுகளை மூச்சுவிடாமல் ஒப்பித்து
மதிப்பெண் வாங்கியவன் நான்.
கடைசி வரிசையில் உட்கார்ந்து
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், மிச்சம் ஆறு எவை என்று.
முகம் நிலவு போல என்று எத்தனையோ தரம் சொன்னோம்.
நிலவென்றே நம்பி ஏணி சாத்தியவர் இல்லை.
இடையில் அந்தச் சின்னச் சொல் நின்றது.

ரொசெட்டா பிக்காம் வந்து
மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.
பஸ் டிப்போ சீருடை, ஒரு பித்தான் குறைவு.

"என் மகன் வைத்திருந்தது பொம்மையே இல்லை.
பசைத் துப்பாக்கி.
பெயரில் துப்பாக்கி இருப்பது அவன் குற்றமா?
ஐஸ் குச்சியில் பாலம் கட்டச் சொல்லியிருந்தார்கள் வகுப்பில்.
நீல நிறம். வயர் தொங்கிக்கொண்டிருந்தது.
வயர் தொங்குகிற துப்பாக்கியை
யாராவது பார்த்திருக்கிறீர்களா?
பதினொரு நிமிடம், நடைபாதையில், முகம் பதியக் கிடந்தான்.
இந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்றால்
தெரியவில்லை எனக்கு.
நான் ஒருநாளும் அந்தப் பொம்மையை வாங்கித் தந்ததில்லை.
குறிப்பெழுதுகிற அந்த அம்மாவிடம்தான் ஒன்று கேட்க வேண்டும்.
போல என்று அடிக்கிறீர்களே,
யார் கண்ணுக்குப் போல?"

கடிகாரம் அடிக்கவில்லை.
இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது.
அதை அவள் பேசாமல் நின்றே கழித்தாள்.
நாங்கள் அசையவில்லை.

அசையாதிருந்தால் அணைந்துவிடுகிற விளக்கு,
மின்சாரம் மிச்சம்பிடிக்கப் போன வருஷம் மாட்டியது.
அணைந்தது.

"யாராவது கையை ஆட்டுங்களேன்"
என்றது இருட்டில் தலைவியின் குரல்.
ஆட்டினோம். ஆளுக்கொரு கை,
போகிற பஸ்ஸை நிறுத்துவது போல.

வெளிச்சம் திரும்பியபோது
மூன்றாம் வரிசையில் ஒரு பையன்.
இரண்டு கையும் தலைக்கு மேல்.
விரல்கள் விரிந்து.
ஆட்டவில்லை அவன்.

எல்லோரும் கையை இறக்கிய பிறகும்
அப்படியே இருந்தான்.
ரொசெட்டா போய்த்தான் இறக்கிவிட்டாள்,
முதலில் ஒன்று, பிறகு மற்றது.

ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்
வரைவு குழுவுக்கே திரும்பிப் போயிற்று.
மார்ச்சில் பார்க்கலாம் என்றார்கள்.

டெல்ஃபினின் குறிப்பில் இருப்பது:
8.41, விளக்கு அணைந்தது.
8.42, வந்தது.